மூணாவது ஸ்லாட்

ஆகஸ்ட் 2, சனி

நான் டைரி எழுதற ஆளு இல்ல. லென்ஸ் கம்பெனிக்காரங்க புது வருஷத்துக்குக் குடுத்த இந்த டைரி ஏழு மாசமா பழைய கண்ணாடிக் கூடுகளுக்கு அடியில கிடந்துச்சு. இன்னிக்கு டாக்டர், "எந்த மாத்திரை எத்தன மணிக்குக் குடுத்தீங்கன்னு குறிச்சு வைங்க"ன்னு சொன்னதால இதுக்கும் ஒரு வேலை வந்துடுச்சு.

விஷயம் இதுதான். காலைல பதினோரு மணிக்கு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல, கரூர் பஸ்லேர்ந்து இறங்கும்போது சுகந்தி அக்கா கடைசிப் படிய கவனிக்கல. வலது கணுக்கால்ல எலும்பு முறிவு. மாவுக்கட்டு. ஆறு வாரம் கால் தரையில படக்கூடாது. கரூர்ல அவ வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எனக்கு உறையூர்ல முன்னாடி கண்ணாடிக் கடை, பின்னாடி வீடு, நடுவுல படியே இல்ல. அதனால இங்கதான்.

எனக்கு ஒரு பொண்ணு ஜாதகம் கொண்டு வந்தாளாம். முப்பத்தேழு வயசுக்காரனுக்கு ஜாதகம் எடுத்துட்டு வந்து கால ஒடிச்சுக்கிட்டது உலகத்துலயே எங்க அக்காவாத்தான் இருக்கும்.

சாயந்தரம் மாமா போன் பண்ணாரு. "மாப்ள, இட்லி குக்கர்ல தண்ணி எவ்ளோ ஊத்தணும்னு அக்காட்ட கேளு"ன்னாரு. கால் எப்படி இருக்குன்னும் கேட்டிருப்பாரு. லைன் சரியில்ல, எனக்குத்தான் கேக்கல.

மாத்திரை: மதியம் ரெண்டு, ராத்திரி ஒண்ணு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்ச சாதம் பண்ணேன். அக்கா ஒரு வாய் வெச்சுட்டு, "எலுமிச்ச எங்கடா?"ன்னா. கடிகாரத்தப் பாத்து பேச்ச மாத்திட்டேன்.

படுத்துக்கிட்டே ரூம ஒரு சுத்து பாத்தவ, டிவிக்குக் கீழ இருந்த பழைய வீடியோ கேம் கன்சோலப் பாத்துட்டா. 2002ல பெரியப்பா சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்தது. "இன்னும் வெச்சிருக்கியாடா இத?"ன்னா. "இதுலதான் எனக்கு மரியாதையே"ன்னேன். உண்மைதான். கண்ணாடிக் கடை கிருபாகரன்னா உறையூர்ல நாலு பேருக்குத் தெரியும். 'லாந்தர் மன்னன்'னா ஓமான்ல கூடத் தெரியும்.

ரோல் பிளேயிங் கேம்னா என்னன்னு தெரியாதவங்க இந்த டைரியப் படிக்கப் போறதில்ல. இருந்தாலும் எழுதறேன், எழுதினா பெரிய மனுஷன் மாதிரி இருக்கு. ஒரு கதைக்குள்ள நாம ஒரு ஆளா நுழையணும். நாலு பேரக் கூடச் சேத்துக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சு, பேய் பிசாச அடிச்சு, லெவல் ஏறணும். முடிய அம்பது அறுபது மணி நேரம் ஆகும். ஒரே மூச்சுல முடியாதுங்கறதால அப்பப்ப சேவ் பண்ணிக்கணும். அதுக்கு தீப்பெட்டி சைஸ்ல ஒரு மெமரி கார்டு, அதுல பதினஞ்சு ஸ்லாட். ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு ஆட்டம். அடுத்தவங்க ஸ்லாட்டு மேல நாம சேவ் பண்ணா அவங்க ஆட்டம் அவ்ளோதான், திரும்ப வராது.

இந்த மாதிரி கேம் பைத்தியங்க இருநூத்திப் பதினாலு பேர் சேந்து ஒரு குரூப் வெச்சிருக்கோம். பேரு 'சேவ் பண்ணிட்டு வரேன்'. சின்ன வயசுல அம்மா சாப்பிடக் கூப்பிட்டா எல்லா ஊர்லயும் எல்லாரும் சொன்ன ஒரே பதில் அதுதான். அங்க 'லாந்தர்'ங்கற கேமுக்கு நான்தான் கடைசி வார்த்தை. கையில விளக்கோட இருட்டு ராஜ்யத்துக்குள்ள போற கதை. அதுல ஒரு பயந்தாங்கொள்ளி வீரன் உண்டு. எந்தச் சண்டையிலயும் முதல்ல விழறது அவன்தான். கடைசிக் கதவுக்கு முன்னாடி நம்மள விட்டுட்டு ஓடியே போயிடுவான். கதவுக்கு அந்தப் பக்கம் பெரிய சண்டை நடக்கும்போது சில பேருக்கு அவன் திரும்பி வருவான், சில பேருக்கு வரமாட்டான். ஏன்னு பெரிய தகராறு. ஆரம்பத்துலேர்ந்து அவன ஒரு தடவ கூட டீம்லேர்ந்து தூக்காதவங்களுக்குத்தான் வருவான்னு நான் எழுதின கட்டுரைக்கு குரூப்ல கோயில் கட்டாததுதான் பாக்கி.

"எங்க, காட்டு"ன்னா அக்கா. போன நீட்டி பெருமையா காட்டினேன். கட்டுரைய முழுசா படிச்சுட்டு, "இதெல்லாம் யாரோ சொன்ன மாதிரி இருக்கே"ன்னா.

மாத்திரை குடுக்கற நேரம் ஆயிடுச்சு.

ஆகஸ்ட் 6, புதன்

குரூப்ல புதுசா ஒருத்தன். பேரு 'லெவல்61'. வந்து ரெண்டு நாள் ஆகல, எங்கிட்டயே வேலையக் காட்டறான். ரெண்டாவது ஊர்ல இருக்கற கிணத்தத் திறக்கக் கூடாதுன்னு நான் எழுதியிருந்தேன். "திறக்கலைன்னா அந்தக் குழந்தையோட விளக்கு எப்படிக் கிடைக்கும்?"னு கேட்டிருக்கான். கீழ பதினேழு பேரு கைதட்டி இருக்காங்க. நான் அத எழுதின காலத்துல அவனுக்குப் பால் பல்லு கூட விழுந்திருக்காது. "அது ஒவ்வொருத்தர் விளையாடற விதத்தப் பொறுத்தது"ன்னு பதில் போட்டேன். பதில் தெரியாதப்ப நான் எப்பவும் போடறது அதுதான்.

அக்கா கட்டில்ல போன வெச்சுக்கிட்டு தானா சிரிச்சுட்டு இருந்தா. ரீல்ஸ் பாக்கற வியாதி வந்துடுச்சு போல.

பக்கத்து டெய்லர் கடை மெஹர் அக்கா வந்து அவளக் குளிக்க வெச்சாங்க. கட்டு நனையாம இருக்க ஜவுளிக்கடை கவர மாட்டி, ரப்பர் பேண்டு போட்டோம்.

ஆகஸ்ட் 9, சனி

ரசத்துல உப்பு ரெண்டு தடவ விழுந்துடுச்சு. அக்கா ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயித்துக்கிழமையானா குரூப்ல அட்மின் தௌஃபிக் ஒரு தலைப்பு குடுப்பாரு. மஸ்கட்ல ஏசி மெக்கானிக். இன்னிக்குத் தலைப்பு: மறக்க முடியாத வலி.

தௌஃபிக்கே ஆரம்பிச்சு வெச்சாரு. ஒரு கேம்ல உயிர் மருந்து தொண்ணூத்தொம்பது பாட்டில் சேத்து வெச்சாராம். பெரிய சண்டைக்கு ஆகும்னு எதையும் குடிக்கல. கடைசி சண்டையிலயும் குடிக்கல, இதவிடப் பெருசு வரும்னு. சண்டை முடிஞ்சு, சினிமா கடைசியில வர்ற மாதிரி பேரு எல்லாம் ஓடிடுச்சாம், பாட்டில் அப்படியே இருக்காம். எங்கம்மா புது பெட்ஷீட்ட வெச்சிருந்த மாதிரி.

ஓசூர் வேதவல்லி டீச்சர், கேம்ல அவங்க குதிரை செத்த அன்னிக்கு ஸ்கூலுக்கு லீவு போட்ட கதைய எழுதினாங்க. காரணம்னு 'குடும்பத்தில் துக்கம்'னு எழுதினாங்களாம். அம்பத்தூர் தம்பி ஒருத்தன், இந்த கேம்ல எல்லாம் கூட வர்றவங்களுக்கு நாமளே பேர் வைக்கலாம் இல்லியா, கதாநாயகிக்கு ஆபீஸ் பொண்ணு பேர வெச்சுட்டானாம். அஞ்சாவது அத்தியாயத்துல அவ செத்துட்டா. மறுநாள் ஆபீஸ்ல அந்தப் பொண்ணு "சாப்டியா?"ன்னு கேட்டதுக்கு இவன் கண்ணு கலங்கிட்டானாம்.

நானும் எழுதினேன். 2003ல லாந்தர்ல கடைசிக் கதவு வரைக்கும் வந்து சேவ் பண்ணி வெச்சிருந்த ஆட்டம், கரண்ட் கட்டுல அழிஞ்சு போச்சுன்னு. "அம்பத்தெட்டு மணி நேரம். ஒரு நொடி. திரை கருப்பு. அதுல என் முகம் தெரிந்தது"ன்னு முடிச்சேன். எண்பத்தாறு பேர் அழுதுட்டாங்க.

லெவல்61 மட்டும், "சேவ் ஆகிட்டு இருக்கும்போது கரண்ட் போனாத்தானே அழியும்? ஏற்கனவே சேவ் பண்ணி வெச்சது எப்படிப் போகும்?"னு கேட்டான். மண்டை காயுது இவனோட. அது ஒவ்வொரு வீட்டு கரண்டையும் பொறுத்ததுன்னு போட்டேன்.

கரண்ட் போனது உண்மைதான். அது வேற ஒரு நாள். அழிஞ்சது யாரோட ஆட்டம்ங்கறது இப்ப எதுக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லாந்தர் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆகுதாம். செப்டம்பர் 14, ஞாயித்துக்கிழமை, குரூப்ல விழா. கடைசிக் கதவு சண்டைய லாந்தர் மன்னன் தமிழ்ல பேசிக்கிட்டே லைவ்ல ஆடிக் காட்டணும்னு ஏகமனதா தீர்மானம். நானும் "உங்கள் அன்புக்குக் கட்டுப்படுகிறேன்"னு ஒரு வரி போட்டுட்டேன்.

இங்க எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, அதனால எழுதறேன். நான் லாந்தர முடிச்சதே இல்ல. நாலாவது அத்தியாயத்துல ஒரு பாலம் வரும், அதத் தாண்டுனதில்ல. இருவத்திரண்டு வருஷத்துல பதினோரு தடவ ஆரம்பிச்சிருக்கேன், பதினோரு தடவயும் பாலத்துலேர்ந்து விழுந்திருக்கேன். கட்டுரையில "நான் மூணு முறை முடித்தவன்"னு இருக்கு.

கடைசிக் கதவு வரைக்கும் போனது அக்காதான். பிஎஸ்சி முடிச்சுட்டு மாப்பிள்ள பாத்துட்டு இருந்த அந்த வருஷம், மதியம் மூணு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் அவ ஆடுவா. பதினஞ்சு வயசு மடையன் நான் பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு அவ சொல்றதக் கேப்பேன். ஒவ்வொரு ஆளப் பத்தியும் அவளுக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதத்தான் பத்து வருஷமா குரூப்ல என் பேருல அவிழ்த்து விட்டுட்டு இருக்கேன். அந்தப் பயந்தாங்கொள்ளி வீரனுக்கு அவ வெச்ச பேரு கிருபா.

ஆகஸ்ட் 18, திங்கள்

"சீரியல் பாத்து பாத்து மூளை கஞ்சியா போச்சு. அந்த கேமப் போடுடா"ன்னா. எனக்கு ஒரு பக்கம் தூக்கிவாரிப் போட்டுச்சு, இன்னொரு பக்கம் பாலத்தத் தாண்ட ஆள் கிடைச்சுதேன்னு இருந்துச்சு.

"பழைய கார்டு இருக்கா, கெட்டுப் போச்சுன்னியே?"ன்னு கேட்டா.

"அத அப்பவே தூக்கிப் போட்டாச்சுக்கா. இது புதுசு"ன்னு வேற ஒரு கார்டக் குடுத்தேன்.

"அப்படியா"ன்னா. அதுக்கு மேல கேக்கல.

பழைய கார்டு கடை டிராயர்ல, குட்டி ஸ்க்ரூ வெச்சிருக்கற டப்பாவுக்குள்ள இருக்கு. ஏன் தூக்கிப் போடலைன்னு தெரியல. இடத்த அடைக்கல, அதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாலே நாள்ல பாலத்தத் தாண்டிட்டா. கால் நீட்டி தலகாணி மேல, மடியில முறத்துல கீரை, கையில கன்ட்ரோலர். கீரைய ஆஞ்சுக்கிட்டே ஒரு ராட்சசனக் கொன்னா. "எப்படிக்கா?"ன்னேன். "பாலத்துல ஓடக் கூடாதுடா, நடக்கணும்"ன்னா. இருவத்திரண்டு வருஷம்!

இப்பவும் எல்லாருக்கும் வீட்டு ஆளுங்க பேருதான். வைத்தியம் பாக்கறவ அம்மா. சூனியக்காரி அவ மாமியார், காலமாயிட்டாங்க, தப்பில்லையாம். பயந்தாங்கொள்ளி இப்பவும் நான்தான். சண்டைக்குச் சண்ட நான் முதல்ல செத்து விழறேன், அம்மா வந்து எழுப்பி விடறா. "அவன மாத்திட்டு வில்லுக்காரனச் சேத்துக்கோயேன்க்கா, நேரம் மிச்சமாகும்"னேன். "இருக்கட்டும், பாவம்"ன்னா.

அவ சொல்றதயெல்லாம் கல்லாவுல உக்காந்து பழைய பில்லுக்குப் பின்னாடி குறிச்சுக்கறேன், விழாவுல பேசறதுக்கு. அந்த அவசரத்துல ஒரு பெரியவர் கண்ணாடிய இன்னொரு அம்மாவுக்கு மாட்டி அனுப்பிட்டேன். அந்தம்மா வாசல் வரைக்கும் போயிட்டு, "தம்பி, ரோடு எழுந்து வருது"ன்னு திரும்பி வந்தாங்க.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை எல்லாம் வாயப் பிளந்துடுச்சு. மெஹர் அக்கா பாத்துட்டு, "உங்க சாமி கோச்சுக்க மாட்டாரு தம்பி, பாவம்னு விட்டுடுவாரு"ன்னாங்க.

சாயந்தரம் வேதவல்லி டீச்சர் போட்ட ஒரு வீடியோவப் பத்திப் பேச்சு வந்துச்சு. நான் சொன்னேன், "லாந்தர் முடிவெல்லாம் நெட்லயே இருக்குக்கா, நீ எப்பவோ பாத்திருக்கலாமே?"ன்னு.

"அடுத்தவங்க சாப்பிடறதப் பாத்தா எனக்கு வயிறு நிறையுமா?"ன்னா. திரையிலேர்ந்து கண்ண எடுக்காம ஒரு சண்டைய முடிச்சா. அப்புறம் தானாவே சொன்னா.

"கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடி அந்தக் கதவுக்கிட்ட வந்துட்டேன்டா. நலங்கு, அது இதுன்னு ஆளு வந்துட்டே இருந்தாங்க. சரி, தல தீபாவளிக்கு வருவோம்ல, அப்ப முடிக்கலாம்னு சேவ் பண்ணேன். மாமியார் வீட்ல ரெண்டு மாசம் எனக்கு வேற நெனப்பே இல்ல. எதச் செஞ்சாலும் சரியில்லன்னு சொல்லுவாங்க. அம்மிகிட்ட நின்னுகிட்டு, கதவத் திறந்தா என்ன இருக்கும், அவன் திரும்பி வருவானா மாட்டானான்னு யோசிப்பேன். எனக்குன்னு அது ஒண்ணு பொறந்த வீட்ல காத்துட்டு இருக்குன்னு."

கடையில ஆள் கூப்பிடற மாதிரி இருந்துச்சு, எழுந்து போனேன். யாரும் இல்ல. சுத்தமா இருந்த கண்ணாடி அலமாரிய அர மணி நேரம் துடைச்சேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுதிடறேன். மறுவீடு முடிஞ்சு அவங்க கரூருக்குக் கிளம்பின அன்னிக்கு மதியம், மூணு மணிக்கு, நான் கன்சோல ஆன் பண்ணேன். மூணு மணி நேரம் ஆடினேன், 'கிங்'னு பேரு வெச்சுக்கிட்டு. சேவ் பண்ணப் போனா கார்டுல ஸ்லாட் எல்லாம் நிறைஞ்சிருந்துச்சு. மூணாவது ஸ்லாட்டுல 'சுகு, லெவல் 61'. 'இதன் மேல் பதியலாமா?'ன்னு கேட்டுச்சு. கை தவறி ஆமான்னு அமுக்கிட்டேன். சின்னப் பையன்தானே. ஸ்லாட் எல்லாம் நிறைஞ்சிருந்துச்சு.

தல தீபாவளிக்கு அவ வந்து, செருப்பக் கூட சரியா கழட்டாம, "என் கார்டு எங்கடா?"ன்னா. "கெட்டுப் போச்சுக்கா"ன்னேன். "பரவால்லடா"ன்னுட்டு எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போயிட்டா. அதுக்கப்புறம் இந்த மாசம் வரைக்கும் அவ கன்ட்ரோலரத் தொட்டதில்ல.

இது தெரிஞ்சா அவ என்ன நெனப்பாங்கறதுதான் எனக்கு இப்ப ஒரே பயம். குரூப் கூட அப்புறம்தான்.

செப்டம்பர் 3, புதன்

மாமா போன். கட்டுப் பிரிக்கறது 12ஆம் தேதின்னேன். "அப்ப 13ஆம் தேதி வண்டி எடுத்துட்டு வந்துடறேன் மாப்ள. வீடு வீடாவே இல்ல"ன்னாரு. அக்காகிட்ட போனக் குடுத்தேன். "ம்", "ம்", "ரெண்டாவது தட்டுல இருக்கு, மஞ்ச மூடி"ன்னுட்டு வெச்சுட்டா.

அப்புறம் ஆட்டத்துல சேவ் பண்ணாம ரொம்ப நேரம் நின்ன இடத்துலயே நின்னுட்டு இருந்தா.

செப்டம்பர் 7, ஞாயிறு

அக்கா லெவல் 54. 13ஆம் தேதிக்குள்ள கதவு வரைக்கும் வந்துடுவா. முடிக்க நேரம் இருக்காது. அவ சேவ் இங்கயே இருக்கும். 14ஆம் தேதி விழாவுல அத எடுத்து நான் ஆடினா, ராஜா மாதிரி கதவத் திறக்கலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது.

இத யோசிச்சப்ப முதல்ல எனக்கு வந்தது நிம்மதி. அதையும் எழுதி வைக்கறேன். எப்பேர்ப்பட்ட ஆளு நான்னு பின்னால படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்.

லெவல்61 இன்னிக்கு என்னை நேரா கேட்டான்: "மன்னரே, அந்த வீரன் திரும்பி வருவான்னு நிஜமாவே நம்பறீங்களா?" கிண்டல் பண்ற மாதிரி இல்ல. நாலு பதில் எழுதி நாலையும் அழிச்சேன்.

செப்டம்பர் 10, புதன்

மாத்திரை நிறுத்தியாச்சு. இந்த டைரிக்கு இனிமே வேலை இல்ல. இருந்தாலும் கை போகுது.

செப்டம்பர் 11, வியாழன்

காலைல பதினொன்றரைக்கு, ஒரு காலேஜ் லெக்சரருக்கு கண் டெஸ்ட் பண்ணிட்டு இருந்தவன், அவரு "மூணாவது வரி மங்கலா தெரியுது"ன்னு சொல்லிட்டு இருக்கும்போதே, "ஒரு நிமிஷம் சார்"னு சொல்லிட்டு குரூப்ல போட்டுட்டேன்.

"நான் லாந்தர முடிச்சதில்ல. பாலத்தக் கூடத் தாண்டினதில்ல. நான் எழுதினது எல்லாம் எங்க அக்கா சொன்னது. கரண்ட் கட்டும் பொய். அம்பத்தெட்டு மணி நேர ஆட்டம் எங்க அக்காவோடது. கார்டுல இடம் இல்லாம நான் அது மேல பதிஞ்சு அழிச்சுட்டேன். கார்டு கெட்டுப் போச்சுன்னு சொல்லி இருவத்திரண்டு வருஷமா மறைச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை நான் ஆட முடியாது. அக்காவோட புது ஆட்டம் இங்க இருக்கு, ஆனா அத நான் தொட மாட்டேன். மன்னிச்சுடுங்க."

தௌஃபிக் முதல் ஆளா, "மன்னா, கிரீடத்த அட்மின்கிட்ட ஒப்படச்சுட்டுப் போங்க"ன்னு போட்டாரு. அம்பத்தூர் தம்பி, என் கட்டுரைய நம்பி ஏழு தடவ அந்தப் பயலத் தூக்கிச் சுமந்தேனேன்னு புலம்பினான். வேதவல்லி டீச்சர், "அக்கா பாவம்"னு மட்டும்.

லெவல்61 ஒண்ணும் சொல்லல. உள்ளேர்ந்து அக்கா சத்தம்தான் வந்துச்சு. "கிருபா! இங்க வா."

போனேன். கட்டில்ல உக்காந்திருந்தா. கையில போன். திரையில எங்க குரூப். மேல ஓரத்துல அவ பேரு: லெவல்61.

என் அறிவு எப்படிப்பட்டதுன்னா, அந்த நேரத்துல எனக்கு முதல்ல தோணினது, "அப்ப கிணத்த நிஜமாவே திறக்கணுமா?"ங்கறதுதான்.

"இங்கயும் முழுசா சொல்லலியேடா"ன்னா. "இடம் இல்லையா? நாலுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் காலி. பன்னண்டு ஸ்லாட்."

கையோட வந்த டெஸ்ட் லென்ஸ சட்டையில துடைக்க ஆரம்பிச்சேன்.

"தல தீபாவளி அன்னிக்கு நீ வெடி வெக்கப் போயிருந்தப்ப கார்டப் போட்டுப் பாத்தேன். கெட்டுப் போன கார்டு எப்படிடா திறக்கும்? மூணுல 'கிங்', லெவல் நாலு. கீழ வரிசையா காலி. நீ வேணும்னேதான் பண்ணியிருக்கே."

"ஆமாக்கா"ன்னேன். சொல்லிட்டேன். "நீ போயிட்ட. மூணு மணி ஆச்சு, நீ இல்ல. உன் பேரு மட்டும் அதுல இருந்துச்சு. கோவமா வந்துச்சு. அமுக்கிட்டேன்."

"தெரியும்"னா.

"அப்ப ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீ அழுவே. தீபாவளியும் அதுவுமா." போன ஓரமா வெச்சா. "நான் கல்யாணமாகிக் கிளம்பினப்ப எல்லாரும் சந்தோஷமாத்தான்டா அனுப்பினாங்க. அம்மா அழுதா, அது வழக்கத்துக்கு அழற அழுக. வந்த காரியம் முடிஞ்ச மாதிரி எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் போனதுக்கு ஒருத்தன் கோவப்பட்டிருக்கான்னு அந்த ஸ்லாட்டப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஆட்டம் போனது வயித்தெரிச்சல்தான். ஆனா அந்த ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான் எனக்கு மனசுக்கு நல்லா இருந்துச்சு."

நான் அழுதேன். டைரியில எழுதறதுக்கு வெக்கமா இருந்தாலும் உண்மை அதுதான். முப்பத்தேழு வயசு, தொப்பை, மூக்கு ஒழுகுது. அவ என் தலையத் தட்டிக்கிட்டே, "பாரு, பயந்தாங்கொள்ளி"ன்னா.

அப்பத்தான் அந்த லெக்சரர், டெஸ்ட் பண்ற இரும்பு ஃபிரேமோட சுவத்தப் பிடிச்சுட்டு வந்து எட்டிப் பாத்து, "சார், இத நான் கழட்டலாமா?"ன்னாரு.

செப்டம்பர் 12, வெள்ளி

கட்டுப் பிரிச்சாச்சு. கால் ஒரு சைஸ் சின்னதாகி, வெளுத்துப் போயிருக்கு. வாக்கர் வெச்சு நடக்கணும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து வாக்கர ஓரமா சாத்திட்டு நேரா டிவி முன்னாடி உக்காந்துட்டா. மதியம் மூணு மணி. பக்கத்துல நான், முறுக்கு வாங்கி வெச்சிருந்தேன்.

அஞ்சே முக்காலுக்கு கடைசிக் கதவு. பயந்தாங்கொள்ளி கிருபா விளக்கக் கீழ போட்டுட்டு ஓடினான். முறுக்குத் தட்ட அவ பக்கம் நகத்தி வெச்சேன்.

"இப்பவே திறந்துடேன்க்கா. ரெண்டு மணி நேரம்தானே ஆகும்"னேன்.

"நாளைக்கு உங்க மாமா வர்றாரு. துணியெல்லாம் மடிக்கணும்"னா. அப்புறம், "எங்க அந்தக் கார்டு?"ன்னா.

"எது?"

"ஸ்க்ரூ டப்பாவுல இருக்கறது. மெஹர் ஊசி தேடி அந்த டப்பாவத் திறந்தப்பவே, இது என்னன்னு எங்கிட்ட கொண்டு வந்து காட்டிடுச்சு."

எடுத்துட்டு வந்து குடுத்தேன். மாட்டினா. மூணாவது ஸ்லாட், கிங், லெவல் நாலு, மூணு மணி நேரம். 'இதன் மேல் பதியலாமா?'ன்னு கேட்டுச்சு. அக்கா என்னைத் திரும்பிப் பாத்தா.

"அமுக்கு"ன்னேன்.

அமுக்கினா. கிங் செத்தான். இருவத்திரண்டு வருஷமா ஊருக்கு உபயோகமில்லாம இருந்த பய.

செப்டம்பர் 13, சனி

பத்து மணிக்கு மாமா வண்டி. "கால் எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு. லைன் இல்லாததால இந்த முறை எனக்கு நல்லா கேட்டுச்சு, அவரு கேட்டது என்னைத்தான்.

அக்கா வாக்கர வண்டியில ஏத்த விடாம வாசல்லயே நின்னு என்னைக் கூப்பிட்டா. "தீபாவளிக்கு வரேன். நாலு நாள் தங்குவேன்"னா. அத அவ எங்கிட்ட சொல்லல, மாமாவுக்குக் கேக்கற மாதிரி சொன்னா. மாமா, "அங்க யாரு பலகாரம்..."னு ஆரம்பிச்சாரு. "கடையில விக்குது"ன்னுட்டா.

அப்புறம் எங்கிட்ட, மெதுவா: "மூணாவது ஸ்லாட். தொட்டே, கைய ஒடிச்சுடுவேன்."

"தொட மாட்டேன்க்கா."

"அந்த ஜாதகத்தயும் பாரு"ன்னா. அது கால ஒடிச்சுக்கிட்ட அன்னிக்கு அவ கொண்டு வந்த பைக்குள்ளயே இருக்கு, பையும் அவகூடப் போயிடுச்சு. சொல்லல.

செப்டம்பர் 14, ஞாயிறு

விழா தீபாவளிக்குத் தள்ளி வெச்சாச்சு. ஆடப் போறது லெவல்61. இது குரூப் முடிவு, ஓட்டெடுப்பு எல்லாம் நடந்துச்சு. எனக்கு மைக் பிடிக்கற வேலை. கிரீடத்த தௌஃபிக் திருப்பித் தரல.

வீரன் வருவானா மாட்டானான்னு இன்னிக்கும் முந்நூறு மெசேஜ். எங்கிட்ட கேட்டாங்க. "தெரியாது, நான் பாத்ததில்ல"ன்னு போட்டேன். பத்து வருஷத்துல நான் அந்த குரூப்ல எழுதின முதல் முழு உண்மை. ரெண்டு பேருதான் கைதட்டினாங்க.

செப்டம்பர் 15, திங்கள்

கட்டில மடிச்சு வெச்சேன். எலுமிச்ச சாதம், இந்தத் தடவ எலுமிச்ச இருந்துச்சு. கடைய மதியம் மூணு மணிக்குச் சாத்திட்டு கன்சோல ஆன் பண்ணேன். புதுசா ஆரம்பிச்சேன், பதினோரு தடவ போன வழிங்கறதால ராத்திரி பத்து மணிக்கெல்லாம் பாலத்துக்கு வந்துட்டேன். பாலத்துல ஓடல, நடந்தேன், தாண்டிட்டேன். அக்காவுக்கு போன் பண்ணி சொன்னேன், "சரி, சேவ் பண்ணு"ன்னா.

நாலாவது ஸ்லாட்டுல பண்ணேன். காலியாத்தான் இருந்துச்சு, எப்பவும் போல.